திருப்பிப் போடுவதா, மூடி வைப்பதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் காலைப் பசியாற நாசி லெமாக் (காரச் சம்பலோடு தரும் தேங்காய்ப்பால் சோறு) வாங்கும்போது, "முட்டை நல்லா வேகட்டும் அண்ணே" என்று சொல்பவர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான். முட்டையைப் பொரிக்கும்போது மஞ்சள் கரு முழுதாக வேக இரண்டு வழி உண்டு.

ஒன்று, திருப்பிப் போடுவது. குவாலியில் (வாணலியில்) எண்ணெய் காய்ந்ததும் முட்டையை உடைத்து ஊற்றி, ஓரம் பழுப்பாக முறுகும்வரை விடுங்கள். பிறகு கரண்டியை அடிவரை செலுத்திப் புரட்டி, மஞ்சள் கருவை நுனியால் லேசாகக் கீறிவிட்டால் ஒரு நிமிடம் போதும். அந்த முறுகலுக்குச் சம்பல் அவ்வளவு பொருத்தம்! ஆனால் தீ அதிகமானால், நடுக்கரு வேகுமுன் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும்.

மற்றது, மூடி வைப்பது. மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டியாகத் தொடங்கி, 70 டிகிரியில் இறுகிவிடும். அதனால் பெருந்தீ தேவையே இல்லை. வெள்ளைக்கரு பிடித்ததும் தீயைக் குறைத்து, ஓரமாக ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு உடனே மூடுங்கள். தாமதித்தால் எண்ணெய் தெறிக்கும். மூன்று நிமிடத்தில் ஆவியே மேல்புறத்தை வேகவைத்து, கருவின் மேல் வெண்திரை படர்ந்திருக்கும். தொட்டால் குலுங்கக் கூடாது.

குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு சால்மோனெல்லா கிருமி ஆபத்து அதிகம். அவர்களுக்கு முட்டை இறுக வெந்தே ஆக வேண்டும். மென்மையாகவும் இருப்பதால் அவர்களுக்கு மூடி வைத்ததையே கொடுப்பேன். எனக்கு? சம்பல் இருந்தால் திருப்பிப் போட்டதுதான்.