ஷெட்டில் "ஈரம் உறிஞ்சும் பை" தொங்கவிடுகிறேன் என்று வருபவரிடம் உஷாராக இருங்கள்

பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கம் பழைய இரும்பு, பித்தளைச் சாமான் சேர்த்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஒரு வருஷம் துரு பிடிக்காது, கேரண்டி என்று சொல்லி ஒருவர் என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிப் போனார். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, பருத்தி நிறுத்த எடைக்கற்களைக் கெடுத்துவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டை ஒட்டின கார் ஷெட்டில்தான் எல்லாம் வைத்திருக்கிறேன். பத்துக்கு இருபது அடி, பத்தடி உயரம், மேலே தகர ஷீட், முன்னால் ஷட்டர். கார் வருஷக்கணக்காக வெளியேதான் நிற்கிறது. உள்ளே மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்து இரும்புச் சால், லாந்தர்கள், முப்பது நாற்பது பூட்டுகள், இரண்டு குத்துவிளக்கு, எனாமல் விளம்பரப் பலகைகள், அப்புறம் அந்த எடைக்கற்கள். எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை என்று வரிசை குறையாமல் இருந்தது. 1958-ல் கிலோ வந்த பிறகு ஊரில் பலரும் கல்லைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அப்பாரு மட்டும் சாக்கில் கட்டி அட்டாலியில் ஏற்றி வைத்தார்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் ஈரக் காற்றுதான். மழை உள்ளே வரவே வேண்டாம். கனமான இரும்பு ராத்திரியெல்லாம் குளிர்ந்து கிடக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கினதும் வெளிக்காற்று அதன் மேல் பட்டு வியர்க்கும். காற்று 30 டிகிரியில், ஈரப்பதம் 70 சதம் என்றால், 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருள் மேலும் தண்ணீர் பூக்கும். இதற்கு ஏதாவது வழி உண்டா என்று பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் அனுப்பி வைத்த ஆள்தான் இவர்.

மரியாதையான பேச்சு. வந்ததும் துருப்பிடித்த பூட்டு ஒன்றை எடுத்து, வெள்ளைக் கேனிலிருந்து எதையோ ஊற்றித் தேய்த்து, ஐந்தே நிமிஷத்தில் பளபளவென்று கையில் கொடுத்தார். "ஏனுங்க, இதுக்கு மேல ஜெர்மன் கோட்டிங் அடிச்சு, ஈரம் உறிஞ்சுற பையைத் தொங்க உட்டுட்டாப் போதுங்க. ஒரு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டியதில்லீங்க" என்றார். அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். கேனைத் திறந்தபோது பாத்ரூம் கழுவுகிற ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. என்னவென்று கேட்டேன். "ஸ்பெஷல் லிக்விடுங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரே நாளில் சாலைத் தவிர எல்லாச் சாமானையும் அந்தத் திரவத்தில் முக்கி எடுத்தார். அலசுவதற்கு ஒரே ஒரு பக்கெட் தண்ணீர், அதையும் கடைசி வரை மாற்றவில்லை. சாயங்காலமே ஈரம் காய்ந்தும் காயாமலும் கோட்டிங் அடித்தார். கூரைக் கம்பியில் எட்டுப் பைகளைக் கட்டினார். நாலு பை நேராக எடைக்கல் அலமாரிக்கு மேலே. பையின் மேல் பெயரும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. பில் கேட்டேன், ஒரு அட்டையில் போன் நம்பர் மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஆடிப் பதினெட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஷட்டரைத் தூக்கினேன். எடைக்கற்கள் மேல் எண்ணெய் ஊற்றின மாதிரி ஒரு பளபளப்பு. கூரை ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு நாளாக மழையே இல்லை. தொட்டால் வழுவழு என்றிருந்தது. துணியால் துடைத்தேன், அடுத்த நாள் காலையில் மறுபடியும் ஈரம். நிமிர்ந்து பார்த்தால், பைகள் பால் குடித்த நாய்க்குட்டி வயிறு மாதிரி உப்பி, அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தன.

அக்கா மகன் கோயமுத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் இருக்கிறான். அவன்தான் ஒழுகாத பை ஒன்றை வெட்டி, உள்ளே இருந்ததை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டான். டம்ளர் சூடாகி, எல்லாம் கரைந்தே போய்விட்டது. "மாமா, இது புதுச் செருப்பு டப்பாவுல ஈரத்துக்குப் போடுற சிலிக்கா ஜெல் இல்லைங்க, கால்சியம் குளோரைடுங்கற உப்பு. சிலிக்கா ஜெல்லா இருந்தா வெடிச்சாலும் மணி மணியாத்தான் கெடக்கும், கரையாது" என்றான். கால்சியம் குளோரைடும் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் உறிஞ்ச உறிஞ்சத் தானே உப்புத் தண்ணீராகிவிடும். துணி அலமாரியில் அடியில் டப்பா வைத்துப் பயன்படுத்துகிற சரக்கு அது. இரும்புக்கு மேலே தொங்கவிடுகிற சரக்கே இல்லை. காற்றில் ஈரப்பதம் 30 சதத்தைத் தாண்டினாலே போதும், அந்த உப்பு காயாது. எங்கள் ஊரில் 30 சதத்துக்குக் கீழே எத்தனை நாள் இறங்கும்? அதனால்தான் துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது.

சரி, அது நல்ல சிலிக்கா ஜெல்லாகவே இருந்திருந்தாலும் என் ஷெட்டுக்கு உதவியிருக்காது. அவனே கணக்குப் போட்டுக் காட்டினான். அந்த ஷெட் காற்றில் மட்டும் எந்த நேரமும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக நிற்கிறது. அதை உறிஞ்சி முடிப்பதற்குள் ஷட்டர் இடுக்கு வழியாகப் புதுக் காற்று வந்துவிடும். இறுக்கமான மூடியுள்ள பெட்டிக்குள் போட்டால்தான் சிலிக்கா ஜெல்லுக்கு வேலை.

ஆசிட் செய்த கொடுமை தனி. சரியாக அலசாததால் உள்ளே தங்கின ஆசிட், கோட்டிங்குக்கு அடியில் வேலை பார்த்திருக்கிறது. பூட்டுகள் மேல் தலைமுடி கனத்தில் நெளிநெளியாகச் செம்பழுப்புக் கோடுகள், மரப்பட்டைக்கு அடியில் புழு அரித்த தடம் மாதிரியே ஓடியிருந்தன. குத்துவிளக்குகளில் மஞ்சள் போய் இளஞ்சிவப்பாகிவிட்டது. பித்தளையில் இருந்த துத்தநாகத்தை ஆசிட் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் மேலே விட்டிருக்கிறது. கேனையும் மூடாமல் ஷெட்டிலேயே விட்டுப் போயிருந்தார். அந்த ஆவி பட்டு, ஆசிட்டில் முக்காத சால்கூட மேலெல்லாம் துரு பூத்துவிட்டது. இரண்டு சேர் கல்லில் இருந்த முத்திரையை இப்போது விரலால் தடவினால்தான் தெரிகிறது. சின்ன வயதில் அந்த முத்திரையைக் காட்டித்தான் அப்பாரு எனக்கு எண் சொல்லிக் கொடுத்தார்.

போன் செய்தேன். "உங்க ஷெட்டு ஈரங்க, நம்ம வேலையில குறை இல்லீங்க. பாதி விலைக்கு மறுபடி பண்ணித் தர்றேன்" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஆசிட் பட்ட சாமானைச் சோடா உப்புக் கரைசலில் கழுவி, அப்புறம் ஆர்.ஓ. தண்ணீரில் நாலைந்து முறை மாற்றி மாற்றி அலசி, உடனே ஹேர் டிரையர் காட்டி உலர்த்துகிறோம். சூடு ஆறுவதற்குள் மெழுகு. அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு கிடைத்தால் நல்லது. எங்கள் பக்கம் எல்லோரும் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். வேண்டாம். நாளானால் காறி, பிசுபிசுத்து, அதுவே புளித்து இரும்பைத் தின்னும். ஃபவுண்டரியில் ஏற்றுமதிக்குப் போகிற வார்ப்புகளை விசிஐ தாளில் சுற்றுகிறார்கள். அந்தத் தாளிலிருந்து வருகிற ஆவி உலோகத்தின் மேல் படிந்து துருவைத் தடுக்கும். இரும்புக்கு என்று ஒரு வகை, எல்லா உலோகத்துக்கும் என்று ஒரு வகை இருப்பதால் பித்தளைக்குக் கேட்டு வாங்க வேண்டும். சுற்றி, மூடின பெட்டியில் வைத்தால்தான் பலன். சிமெண்ட் தரையில் எதையும் நேராக வைப்பதில்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன். 60-ஐத் தாண்டின காலையில் ஷட்டரைத் தூக்குவதில்லை.

14,500-ல் 10,000 ரொக்கம், அதற்குச் சாட்சி இல்லை. மீதி 4,500 போனில் அனுப்பினது. அந்த ரசீதையும் பைகளின் படங்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

ஆள் இன்னும் நம் பக்கம்தான் சுற்றுகிறார் என்று கேள்வி. அவர் கட்டின பை உங்கள் ஷெட்டிலும் தொங்கினால், முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு இன்றைக்கே இறக்கிவிடுங்கள். சொட்டு விழுந்த சாமானைத் துணியால் துடைத்து வைக்காதீர்கள், நேராக நல்ல தண்ணீரில் போடுங்கள்.