மார்த்தாண்டத்துல மவ போற பயாலஜி டியூஷன் பத்தி
எனக்க மவ பிளஸ் டூ, மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்குற தூரத்துல ஒரு மாடி வீட்டு டியூஷனுக்கு ஆறு மாசமா போறா, போன வாரம் மழைன்னு கூட்டிட்டு வரப் போனேன், கிளாஸ் முடியல, வராந்தால நின்னு அரை மணிக்கூர் நானும் கேட்டேன். கொள்ளாம், ரொம்பவே கொள்ளாம்.

வெள்ளை அணு கிருமிய முழுங்குற பாடம். 1882ல இத்தாலி மெசினால மெச்னிகாஃப்ங்குற விஞ்ஞானி நட்சத்திர மீன் லார்வாக்குள்ள முள்ளக் குத்தி வச்சாராம், மறுநாள் பாத்தா முள்ளச் சுத்தி செல்லெல்லாம் கூடி நிக்குது, அதுல தொடங்கி 1908ல நோபல் பரிசுல பங்கு வரைக்கும் போச்சு. அப்புறம் போர்டுல படம். நியூட்ரோஃபில்ங்குற வெள்ளை அணு கை நீட்டுன மாதிரி கிருமிய வளைச்சு உள்ள இழுத்து ஒரு பைக்குள்ள அடைக்குது, செல்லுக்குள்ள இருக்குற லைசோசோம்ங்குற செரிமானப் பை அந்தப் பையோட சேந்து என்சைமக் கொட்டி கரைச்சிருது. புண்ணுல வர்ற சீழ்ல பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோஃபில்தானாம், இத்தன வருசம் அத வெறும் அழுக்குன்னுல்லா நினைச்சேன்!

ஆனா டிபி கிருமி மேக்ரோஃபேஜ்ங்குற இன்னொரு வகை வெள்ளை அணுக்குள்ள போயும் லைசோசோம சேர விடாம உள்ளயே குடியிருக்குமாம். எங்க அப்பா டிபிக்கு ஆறு மாசம் மாத்திரை தின்னாவ, அது லேசுல விடாத நோய்னு அன்னைக்குத்தான் எனக்கு பிடிபட்டுது.

குறைன்னா 30 பிள்ளைகளுக்கு ஒரே ஃபேன், மைக்ராஸ்கோப்பும் கிடையாது, ஒரு ரத்த ஸ்லைடு காட்டுனா எவ்வளவு நல்லாருக்கும். ஃபீஸ் மாசம் 1200, தாராளமா குடுக்கலாம். படி செங்குத்து, மழைக்கு வழுக்கும், பாத்து ஏறுங்க.