கேப்டனும் பேராசிரியரும்: மைக்கேல் ஹோவர்டின் தன்வரலாறு

போரில் நின்றவர்கள் எழுதும் நினைவுக்குறிப்புகள் பெரும்பாலும் வீரத்தில் தொடங்கி வீரத்திலேயே முடிந்துவிடுகின்றன. பிரிட்டிஷ் படை வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹோவர்ட் 2006இல் வெளியிட்ட 'கேப்டன் புரொஃபசர்' அந்தத் தடத்தில் செல்லாத நூல் என்பதாலேயே இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

1922இல் பிறந்த ஹோவர்ட், கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவின் இளம் அதிகாரியாக இத்தாலிக்குச் சென்றார். 1943 செப்டம்பரில் சலேர்னோவில் ஒரு குன்றைக் கைப்பற்றத் தம் பிளட்டூனை, அதாவது சிறு படைக்குழுவை, நடத்திச் சென்றதற்காக அவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தபோது, வயது இருபதுதான். நூலில் என்னை மிகவும் உலுக்கியது அந்தப் பதக்கத்தின் கதை அன்று. இரவு ரோந்து ஒன்றில் கண்ணிவெடியால் காயமுற்ற தம் வீரர் ஒருவரை விட்டுத் திரும்பியதைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதிதான். அந்த வீரர் பிழைக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குற்ற உணர்விலிருந்து தமக்கு விடுதலை தேடாமல், சாக்குச் சொல்லாமல் அதை எழுத்தில் வைப்பதற்குக் குன்றின்மீது ஏறுவதைவிடக் கூடுதலான துணிவு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

இப்பகுதியைப் படித்த பிறகு அவருடைய ஆய்வுகள் எனக்கு வேறு விதமாகப் புரிந்தன. 1870இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் பிரான்சும் மோதிய போரைப் பற்றி அவர் 1961இல் எழுதிய பெரும் நூல், தளபதிகளின் சாதுரியத்தோடு நின்றுவிடாமல், இரயில் பாதைகள், கட்டாயப் படைச்சேவை, தலைமைப் படைக்குழுவின் பயிற்சி என்று இரு சமூகங்களும் போருக்கு எவ்வாறு ஆயத்தமாயின என்பதை ஆராய்கிறது. படை வரலாற்றை அகலமாகவும் ஆழமாகவும் அதன் சூழலோடு சேர்த்தும் கற்க வேண்டும் என்று அதே ஆண்டில் அவர் ஓர் உரையில் வலியுறுத்தினார். வரைபடத்தில் அம்புக்குறிகளாகத் தெரியும் மனிதர்களுள் ஒருவராக இருந்தவர் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் போரியல் துறையை நிறுவியது, வரலாற்றாசிரியர் பீட்டர் பாரெட்டுடன் சேர்ந்து பிரஷ்யப் போர்ச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸின் 'போர் குறித்து' நூலை மொழிபெயர்த்து 1976இல் வெளியிட்டது, ஆக்ஸ்ஃபோர்டில் அரச நியமனம் பெறும் ரீஜியஸ் வரலாற்றுப் பேராசிரியர் ஆனது ஆகியவை பிற்பகுதியில் வருகின்றன. இங்கே நடை சற்றுத் தளர்கிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகச் சூழலை அறியாத வாசகருக்குச் சில பக்கங்கள் அயர்ச்சி தரலாம். ஆயினும் தாய்வழி யூத மரபைப் பற்றியும், ஓரினச்சேர்க்கை குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில் மார்க் ஜேம்ஸுடன் தொடங்கி நெடுங்காலம் நிலைத்த துணைமையைப் பற்றியும் அவர் மறைக்காமல் பேசுவது, போர்க்களப் பக்கங்களில் கண்ட அதே நேர்மையின் தொடர்ச்சியாகவே எனக்குப் பட்டது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் இத்தாலி அத்தியாயங்களையாவது, அந்நாட்டின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். படை வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் 1870ஆம் ஆண்டுப் போர் பற்றிய நூலை முதலில் முடித்துவிட்டு இதற்கு வருவது நல்லது.