காஸ் ஹீட்டர் பூட்ட ஆள் தேடுகிறவர்கள் கவனம்: 1,850 டொலர் போச்சு

இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவில், டொரொன்டோ ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் அம்மா இருக்கிறார். அவருக்குக் குளிர் தாங்காது என்று, அங்கே இருந்த பழைய விறகு ஃபயர்பிளேஸுக்குள் வைக்க ஒரு காஸ் ஹீட்டர் வாங்கினோம். அதற்குக் காஸ் குழாய் இழுக்க, வேலையாட்களைப் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் ஆள் தேடினேன்.

"அண்ணை, நான் வடமராட்சி, நீங்கள் எவ்விடம்?" அந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிட்டேன். வந்தவர் அம்மாவிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார், ஊர்க்கதை கதைத்தார். லைசென்ஸ் கேட்டதற்குப் போனில் ஒரு கார்டின் படத்தைக் காட்டினார், ஜி2 (காஸ் வேலை லைசென்ஸில் ஒரு தரம்) என்று ஏதோ தெரிந்தது, பெயரைப் பார்ப்பதற்குள் போன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. காசாகத் தந்தால் 13 வீத வரி இல்லை என்றார். 1,850 டொலர் எண்ணிக் கொடுத்தேன். ரசீது? "அதென்னத்துக்கு அண்ணை, எங்கட ஆக்களுக்குள்ளை."

அன்றிரவே அழுகின முட்டை மணம். போன் எடுத்தால், "புது ஹீட்டர் அண்ணை, பெயின்ட் சூடேறி மணக்கும், ஜன்னலைத் திறந்துவிடுங்கோ." புது ஹீட்டர் முதலில் கொஞ்சம் மணக்கும்தான், ஆனால் முட்டை மணமா வரும்? கசிவு தெரியட்டும் என்றுதானே காஸில் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். இது தெரிந்த நானே, சிஓ அலாரம் அடிக்கவில்லையே என்று ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். அது கார்பன் மோனொக்சைட்டுக்குத்தான் அடிக்கும், காஸ் கசிவுக்கு இல்லை. அம்மா கீழே படுத்திருந்தார்.

பிறகு எல்லாரும் வெளியே பனிக்குள் போய் நின்று காஸ் கம்பனிக்கு அடித்தோம். அவர்கள் அனுப்பிய ஆள் வால்வைப் பூட்டி பாவிக்கக்கூடாது என்று சிவப்பு டாக் கட்டினார். சுவரில் ஓட்டை போட்டு அதற்குள்ளால் வளையும் குழாயை விட்டிருக்கிறார்கள், அது கூடவே கூடாதாம். மூட்டுகளில் தண்ணிக் குழாய்க்குச் சுற்றுகிற மெல்லிய வெள்ளை டேப். சவர்க்காரத் தண்ணீர் பூசினதும் குமிழி குமிழியாக வந்தது.

நம்மவருக்கு அடித்தால் முதலில் "நாளைக்கு வாறன்", அப்புறம் "மனிசிக்குச் சுகமில்லை", அப்புறம் பிளாக். ஆப்காரருக்கு நாலு மெயில் போட்டேன், ஒன்றுக்குத்தான் பதில்: நாங்கள் அறிமுகம் மட்டும்தான், வெளியே காசாகக் கொடுத்ததற்கு உத்தரவாதம் இல்லை. 1,850 டொலர்!

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒன்டாரியோவில் காஸ் வேலை செய்கிற கம்பனி டிஎஸ்எஸ்ஏயில் (காஸ் பாதுகாப்பைக் கண்காணிக்கிற மாகாண அமைப்பு) பதிந்திருக்கவேண்டும், அவர்கள் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஆரம்பத் தரமான ஜி3 என்றால் மேற்பார்வை இல்லாமல் செய்யக்கூடாது. கசிவு பார்த்துக் காட்டாமல் காசைக் கொடுக்காதீர்கள். மணந்தால் சுவிட்ச் ஒன்றையும் தொடாமல் வெளியே ஓடுங்கள், போன் அங்கிருந்து எடுக்கலாம்.

இப்போது பதிவுள்ள ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டவேண்டும் என்கிறார், விலை இன்னும் சொல்லவில்லை. வடமராட்சித் தம்பி ஆப்பில் இன்னும் நாலரை நட்சத்திரத்தோடு இருக்கிறார்.