மீன் குழம்புச் சோறா, தயிர்ச் சோறா, பாக்கெட் தீனியா?

கடலூர்ப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் பெரும்பாலும் மூன்று வழிதான். மீந்த குழம்பை ஊற்றிப் பிசைந்த சோறு, பால் அல்லது தயிர்ச் சோறு, கடையில் வாங்கும் பாக்கெட் தீனி. எங்கள் வீட்டு மணி மூன்றையும் தின்று வளர்ந்தவன். நாட்டு நாய், 12 கிலோ எடை. எது எப்படி என்று அவனை வைத்தே சொல்கிறேன்.

குழம்புச் சோற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதில்தான் அவனை இழக்கப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழித் தொக்கு செய்தோம். சட்டியின் அடியில் வெங்காயம் நிறையத் தங்கிவிட்டது. வீணாகப் போகிறதே என்று சோற்றைப் போட்டுத் துடைத்து மணிக்கு வைத்தேன். அன்றைக்கு ஒன்றும் இல்லை, மறுநாளும் ஓடி ஆடினான். மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டு ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். சிமெண்ட் தரையில் போன மூத்திரம் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. மருத்துவர் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளைத் தாள் போல வெளிறிக் கிடந்தது. அவர் கேட்ட முதல் கேள்வியே, "வெங்காயம் சாப்பிட்டானா?"

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ஆபத்து என்பது கணக்கு. மணிக்கு அது குறைந்தது 180 கிராம், அதாவது இரண்டு பெரிய வெங்காயம். பூண்டு அதைவிடக் கடுமை. ஒரே நாளில் அவ்வளவு போகாவிட்டாலும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சேதம் சேர்ந்துகொண்டே வரும். அறிகுறி சில நாள் கழித்துத் தெரிவதால், எந்தச் சாப்பாடு காரணம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

குழம்பில் இன்னொன்றும் இருக்கிறது, புளி. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் ஏன் செயலிழக்கிறது என்பது நெடுநாள் புரியாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். நம் புளியின் புளிப்பு பெரும்பாலும் அந்த அமிலம்தான். புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றியும் பதிவுகள் வந்துவிட்டன. சின்ன வெங்காயம், பூண்டு, புளி மூன்றும் கூடிய நம் மீன் குழம்பை நினைத்துப் பாருங்கள். நமக்கு அதைவிடப் பிரியமான சாப்பாடு இல்லை, நாய்க்கு அதைவிட மோசமான சேர்க்கையும் இல்லை.

ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் காலத்துல நம்ம வூட்டு நாயெல்லாம் இந்தக் கொழம்பத்தான தின்னுச்சு?" என்றார். தின்றன, உண்மைதான். ஆனால் அந்த நாய்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கஞ்சியும் மீன் தலையும். குழம்பு அதில் பட்டும் படாமலும்தான் இருக்கும். அவற்றில் எது எதனால் செத்தது என்று யாரும் பார்த்ததும் இல்லை.

மீனை விட வேண்டியதில்லை. குழம்பு கூட்டுவதற்கு முன்னால் இரண்டு துண்டு கானாங்கெளுத்தியை எடுத்து, உப்பில்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, நடுமுள்ளை உருவிவிட்டுச் சோற்றில் பிசைந்தால் போதும். மத்தி, கவளை போன்றவற்றைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால் வைட்டமின் பி1 அழிந்துபோகும், வேகவைத்தால் அந்தக் கவலை இல்லை. கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவும் உப்பு. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீனைக் கவனிக்க வேண்டும். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

பால் சோறா, தயிர்ச் சோறா என்றால் தயக்கமில்லாமல் தயிர். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காமல் கழிச்சல் வரும். தயிரில் அது குறைவு. ஆனால் கல்யாண வீட்டுத் தயிர்ச் சோறு ஆகாது, அதில் திராட்சை கிடக்கும். பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம், பாயசத்திலும் பொங்கலிலும் முந்திரியும் திராட்சையும் ஒன்றாகத்தான் விழும். முந்திரி நஞ்சில்லை, கொழுப்பு அதிகம், ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை. உலர்ந்த திராட்சை அப்படியில்லை. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று வரம்பு சொல்ல முடியாது.

பாக்கெட் தீனியை நான் முன்பு வெறுத்தேன், இப்போது இல்லை. வெறும் சோறும் தயிரும் தின்னும் நாய்க்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாது. குட்டியாக இருந்தால் கால் வளைந்துவிடும். பாக்கெட்டில் அந்த அளவெல்லாம் சரியாக இருக்கும். ஒரே குறை, நம் கடற்காற்றில் திறந்து வைத்தால் நமத்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். இறுக மூடும் டப்பா இல்லாமல் பெரிய மூட்டை வாங்காதீர்கள்.

எலும்பில் போட்டியே இல்லை. பிரியாணியில் வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும், மசாலா சேர்க்காமல் வேகவைத்த கறி மட்டும் போடுங்கள். புதுச்சேரியிலிருந்து விருந்தாளிகள் வாங்கி வரும் சாக்லேட்டில் கறுப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு ஆபத்து. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் அதற்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும்.

தவறித் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே கொன்றுவிடும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் அவரே வாந்தி எடுக்கவைப்பார். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மூன்றையும் சொல்லுங்கள். கவரைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு போங்கள்.

மணிக்கு இப்போது காலையில் பாக்கெட் தீனி, இரவில் மீனோ முட்டையோ பிசைந்த வெறும் சோறு. ஈறு மறுபடி சிவக்க மூன்று வாரம் ஆனது. எங்கள் அடுப்பில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வேகிறது. ஆயாதான் முதலில் அதை ஏற்றி வைக்கிறார்.