டபுள் ஜூம் கேமரா செட் வாங்குகிறீர்களா? லென்ஸ் வளையத்தில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கேமரா வாங்கப்போகிறவர்கள் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) இரண்டு லென்ஸும் சேர்ந்து வரும் ‘டபுள் ஜூம்’ செட்டில், கம்பெனி வைத்து அனுப்பிய நல்ல லென்ஸை உருவி எடுத்துவிட்டு, அதைவிட மலிவான வேறொன்றை உள்ளே வைத்து, முழு விலைக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். கேட்கப் போனால், ‘உங்களுக்குப் பெரிய லென்ஸாகத்தானே கொடுத்திருக்கிறோம்’ என்று பதில் வந்தது. கோவையில் நாலு பேருக்குத் தெரிந்த கடைதான். பெயரை இங்கே எழுதவில்லை. செய்த விதத்தை முழுவதும் எழுதுகிறேன். விதம் தெரிந்தால் எந்தக் கடையிலும் தப்பிக்கலாம்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பாலூட்டிகள், ஊர்வன என்று பாடம் வரும்போது எங்கேயோ ஆப்பிரிக்காவில் எடுத்த படங்களைக் காட்டுவதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பிள்ளைகள் தாங்களே நேரில் பார்த்த விலங்கு திரையில் வந்தால் கேள்விகள் வேறு மாதிரி வரும். கடமானின் கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பிக் குழியைப் பெரிதாக்கிக் காட்டினால், ‘அது அழுகிறதா டீச்சர்?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். அங்கிருந்து பாடம் தானாக நடக்கும். கோவை வ.உ.சி. பூங்காவில் இருந்த உயிரியல் பூங்காவுக்கு 2022-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் போய்விட்டது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு இப்போது சேலம் குரும்பப்பட்டி, உடுமலைக்கு அப்பால் அமராவதி முதலைப் பண்ணை, அதை விட்டால் திம்பம் மலை ஏறி மைசூரு. இந்த மூன்று இடத்துக்கும் ஒத்துவரும் ஒரு கேமராவைத் தேடினேன்.

நன்றாக விசாரித்துத்தான் முடிவு செய்தேன். கேனான் 1500டி, கூடவே 18-55, 55-250 மில்லிமீட்டர் என்ற இரண்டு லென்ஸ்கள்; எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும். இரண்டிலும் ஐ.எஸ்., அதாவது இமேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. இந்த கேமராவின் சென்சார், அதாவது படம் பதியும் பரப்பு, பழைய ஃபிலிம் அளவான முழு ஃபிரேமைவிடச் சிறியது, 1.6 மடங்கு கணக்கு. அதனால் 250 மில்லிமீட்டர், முழு ஃபிரேமில் 400 காட்டும் அளவுக்கு விலங்கை நெருக்கிக் காட்டும். உயிரியல் பூங்காவில் விலங்குகள் பெரும்பாலும் பத்து, இருபது, முப்பது மீட்டருக்குள் இருக்கின்றன. அதற்கு இது தாராளம். 150-600 போன்ற லென்ஸ் இரண்டு கிலோ எடை. பறவைகளைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு அது வேண்டும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆசிரியைக்கு வேண்டாம்.

ஐ.எஸ். ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏமாற்றியது அந்த இடத்தில்தான். நீளமான லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது நம் கையின் சிறு நடுக்கமும் படத்தில் பெரிதாக விழும். நடுக்கம் தெரியாமல் இருக்க, ஒரு நொடியை லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் வருகிற ஷட்டர் வேகமாவது வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பிறகு என் கைக்கு வந்த லென்ஸைப் போல 300 மில்லிமீட்டரில் எடுத்தால் 1.6 மடங்கு பெருக்கி 480. ஆக, ஏறத்தாழ 1/500 நொடி. வெயிலில் நிற்கிற ஒட்டகச்சிவிங்கிக்கு இந்த வேகம் எளிதாகக் கிடைத்துவிடும். ஆனால் பள்ளிக்கூட பஸ் போய்ச் சேருவதே பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் புலி, சிறுத்தை, கரடி எல்லாம் மரத்தடியிலோ கூரைக்கு அடியிலோ படுத்துக் கிடக்கும். அந்த நிழலில், லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து எஃப் 5.6 வைத்து (எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது), சென்சாரின் ஒளியுணர்வான ஐ.எஸ்.ஓ.-வை 1600-க்கு ஏற்றினாலும் 1/125 தான் வரும். 1/500 வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ. 6400-க்குப் போக வேண்டும். 1500டி-யின் வழக்கமான உச்ச வரம்பே அதுதான்; படம் முழுவதும் புள்ளி புள்ளியாக இறைந்து, உரோமமும் கோடும் குழம்பிப் போகும். லென்ஸில் ஐ.எஸ். இருந்தால் 1/60-இல்கூடக் கை நடுக்கம் படத்தில் விழாமல் காப்பாற்றும். நடக்கிற, ஓடுகிற விலங்குக்கு அது உதவாது; விலங்கின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. படுத்திருக்கும் விலங்குக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

அதனால் கடைக்கு வாட்ஸ்அப்பில், ‘1500டி டபுள் ஜூம், 55-250 ஐ.எஸ். லென்ஸோடு இருக்கிறதா?’ என்று தெளிவாகவே கேட்டேன். ‘இருக்கிறது டீச்சர், புத்தாண்டுச் சலுகையில் தருகிறோம்’ என்று பதில் வந்தது. ஐம்பதாயிரத்தை ஒட்டிய தொகை. முன்பணம் அனுப்பிவிட்டு, ஒரு சனிக்கிழமை போனேன். பெட்டி ஏற்கெனவே திறந்திருந்தது. ‘உங்களுக்காகச் சோதித்து வைத்தோம்’ என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். லென்ஸ் இரண்டும் குமிழ் உறையில் சுற்றியிருந்தன. செட்டில் வரும் லென்ஸுக்குத் தனி அட்டைப்பெட்டி கிடையாது என்பது உண்மைதான், எல்லோருக்கும் அப்படித்தான் வரும். இந்த வழக்கம்தான் அவர்களுக்கு வசதி. இலவசமாக ஒரு பை, ஒரு ஃபில்டர், ஒரு மெமரி கார்டு. ரசீதில் ‘கேமரா செட் – 1’ என்ற ஒரே வரி.

முதலில் அமராவதிக்குப் போனபோது குறை ஒன்றும் தெரியவில்லை. முதலைகள் நல்ல வெயிலில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தன. அதைவிடச் சுலபமான படம் உண்டா? முதுகுச் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு பள்ளியிலிருந்து மைசூருக்குப் போனோம். அங்கேதான் எல்லாம் வெளிப்பட்டது. நிழலில் எடுத்த படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. சிறுத்தை படுத்திருக்கிறது, தலையைக்கூட அசைக்கவில்லை. ஆனால் மீசை ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிகிறது. கம்பி வலையை மறைக்கும் உபாயம் எனக்குத் தெரியும். வெயில் படாத வலைப் பகுதியாகப் பார்த்து, தடுப்பு அனுமதிக்கும் அளவுக்கு அருகே போய், எஃப் எண்ணைக் குறைத்து, ஜூமை முழுவதும் நீட்டினால் வலை கரைந்துவிடும். வலை கரைந்தது, விலங்கும் கலங்கியது. பாம்புகள் இருக்கும் பகுதியில் கண்ணாடிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுக்கப் பார்த்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர, ஃபோகஸ் பிடிக்கவே இல்லை. ‘எனக்கும் காட்டுங்கள்’ என்று சுற்றி நின்ற பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நல்ல படம் என்னிடம் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஊருக்கு வந்ததும், கோபியில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ அண்ணனிடம் கேமராவைக் கொண்டுபோனேன். அவர் லென்ஸைக் கையில் வாங்கியதும் கேட்ட கேள்வி: “டீச்சர், இதில் ஐ.எஸ். என்ற எழுத்தே இல்லைங்களே, யார் கொடுத்தார்கள்?”

முன் கண்ணாடியைச் சுற்றிய வளையத்தில் ‘ஈ.எஃப். 75-300, 4-5.6, III’ என்று இருந்தது. நான் கேட்ட லென்ஸில் ‘ஈ.எஃப்.-எஸ் 55-250, 4-5.6, ஐ.எஸ். II’ என்று இருக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்த ஃபில்டரின் தடித்த விளிம்பு, அந்த எழுத்தின் பாதியை மறைத்துக்கொண்டு இருந்தது. அண்ணன் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். பிறகு பக்கவாட்டைக் காட்டினார். ஐ.எஸ். லென்ஸில் இரண்டு சுவிட்ச் இருக்கும். ஒன்று ஆட்டோ ஃபோகஸுக்கு, இன்னொன்று ஸ்டெபிலைசருக்கு. என்னுடையதில் ஒன்றுதான். பாடியில் பொருத்தும் இடத்தையும் காட்டினார். சின்ன சென்சார் கேமராவுக்கென்றே செய்த ஈ.எஃப்.-எஸ் லென்ஸில் வெள்ளைச் சதுரம் இருக்கும், முழு ஃபிரேமுக்கும் பொருந்தும் ஈ.எஃப். லென்ஸில் சிவப்புப் புள்ளி. என்னுடையதில் சிவப்புப் புள்ளி. 75-300 குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால்தான் ஃபோகஸ் பிடிக்கும். பாம்பின் முன் அது ஓடிக்கொண்டே இருந்ததற்குக் காரணமும் அதுதான். 55-250 ஐ.எஸ். II-க்கு 1.1 மீட்டர் போதும்.

பெட்டியைப் பார்க்கலாம் என்றார் அண்ணன். பெட்டியின் பக்கத்தில் கடையின் சலுகை ஸ்டிக்கர் பெரிதாக ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி மெல்ல உரித்தார். அடியில் கம்பெனியின் அச்சு: 18-55 ஐ.எஸ். II, 55-250 ஐ.எஸ். II. அந்த வரியின்மேல்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தது என்று சொல்ல எனக்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 75-300 போலியான லென்ஸ் அல்ல. கேனானே செய்து விற்கும் எளிய லென்ஸ், அதற்குரிய விலையும் குறைவு. வெயிலில் விளையாட்டுப் போட்டி எடுக்கிறவர் தெரிந்தே வாங்கினால் அது அவர் விருப்பம். குற்றம் எங்கே இருக்கிறது என்றால், செட்டிலிருந்து 55-250-ஐ எடுத்துத் தனியாக நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்து, வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முழுச் செட்டின் பணத்தையும் வாங்குவதில் இருக்கிறது. 250-ஐவிட 300 பெரிய எண் என்பதால் பலருக்குச் சந்தேகமே வராது. சின்ன சென்சார் வைத்த ஜூம் கேமராக்களையும் இப்படி எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள். ‘83 மடங்கு ஜூம்’ என்று சொல்லி என்னிடமும் ஒன்றை நீட்டினார்கள். வெயிலில் அது நிலவைக்கூட நெருங்கிக் காட்டும் கேமராதான்; நிழலில் படுத்திருக்கும் கரடிக்கு உதவாது.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி எழுந்துவந்து, “டீச்சர், சிவப்புப் புள்ளி லென்ஸ் முழு ஃபிரேமுக்கானதுங்க, தொழில்முறைக்காரர்கள் வாங்குவது” என்றார். முழு ஃபிரேம் கேமராவிலும் பொருந்தும் என்பது மெய். என்னிடம் இருப்பது முழு ஃபிரேம் கேமரா இல்லையே! அதைச் சொன்னதும் ரசீதின் அடியில் அச்சடித்திருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டினார்.

அந்த வரியைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லிய தரத்துக்குப் பொருள் குறைவாக இருந்தாலே அது குறைபாடுள்ள பொருள். அப்படிப்பட்ட பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. என்னிடம் வாட்ஸ்அப் உரையாடல் இருந்தது, ஐ.எஸ். என்று நான் கேட்டதும் அவர்கள் இருக்கிறது என்றதும் தேதியோடு இருந்தன. பெட்டியின் படம் இருந்தது. கடையில் நின்றபடியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். புகார் எண் கைபேசிக்கு வந்த பிறகுதான் முதலாளியின் பேச்சு மாறியது. ‘வித்தியாசத் தொகையைத் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள்’ என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பணம் கொடுத்தது எந்த லென்ஸுக்கோ அந்த லென்ஸ் வேண்டும், ரசீதை மாடல் பெயரோடும் வரிசை எண்ணோடும் எழுதித்தர வேண்டும் என்றேன். அலைக்கழித்த பிறகு 55-250 ஐ.எஸ். II வந்தது, சரியான ரசீதோடு. மைசூரில் போன படங்கள் போனவைதான்.

இதைப் பொதுவில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், எங்கள் பள்ளியின் இன்னொரு ஆசிரியர் அண்மையில் அதே கடையில் விலை கேட்டபோது, மறுபடியும் ‘300 லென்ஸ் போட்ட டபுள் ஜூம் செட்’ என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைச் சமாதானப்படுத்திவிட்டு வியாபாரத்தை அப்படியே நடத்துகிறார்கள்.

வாங்கப்போகிறவர்கள், பெட்டியை உங்கள் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே திறந்திருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். கடை ஸ்டிக்கர் எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி வளையத்து எழுத்தைப் படியுங்கள், பெட்டியில் உள்ள அச்சோடு ஒப்பிடுங்கள். பாடிக்கும் இரண்டு லென்ஸுக்கும் தனித்தனியாக வரிசை எண் எழுதாத ரசீதை வாங்காதீர்கள். கேட்பதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் லென்ஸை எடுத்துப் பாருங்கள். ஐ.எஸ். உள்ள செட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஐ.எஸ். இல்லாத லென்ஸ் கையில் இருந்தால், ரசீது, பெட்டி, கடையோடு பேசிய செய்திகள் எதையும் தூக்கி எறியாதீர்கள். 30 நாள் தாண்டிவிட்டது என்றும் விட்டுவிட வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு காலம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கடை கோவையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.