மலைப்பாதையில் மூன்று சக்கர ஸ்ட்ரோலர்: இரண்டரை வருடத்துக்குப் பிறகு

இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு ஜூனில் பிரசவம். போன வாரம் ஒரு ஸ்ட்ரோலர் (பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி) படத்தை அனுப்பி, "இது நீ வச்சிருக்கிற வண்டிதானேடி? நூறு பவுண்டு குறைச்சிருக்கான், வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் என்னால் பதில் போட முடியவில்லை. மூன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியும் சொல்ல வந்தது முடியவில்லை. அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன். அவளைப் போல யோசிக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

கம்பெனி பெயர் வேண்டாம். மூன்று சக்கரம், காற்றடிக்கும் டயர், பின் சக்கரம் 12 அங்குலம், முன் சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டலாம், கைப்பிரேக் உண்டு. எடை 13 கிலோ. அகலம் 64 செ.மீ., நீளம் 110 செ.மீ. கரடுமுரடான பாதைக்கென்று விற்கிற வண்டிகள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு எண்களை மட்டும் மறக்காதீர்கள்.

நாங்கள் ஷெஃபீல்டில் இருக்கிறோம். கொஞ்ச நேரம் காரில் போனாலே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் வந்துவிடும். முதல் ஆறு மாதம் இந்த வண்டியைக் கல்பாதைக்குக் கொண்டுபோகவே இல்லை. கழுத்து நன்றாக நிற்காத பிள்ளையைக் கல்லில் குலுக்க எனக்கு மனம் வரவில்லை. நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர்தான். ஏழாம் மாதம் பர்பேஜ் பள்ளத்தாக்குக்குப் போனோம். அகலமான பழைய வண்டிப்பாதை, முழுக்கக் கற்கள். முன் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு தள்ளினேன். அழுவான் என்று நினைத்த பிள்ளை பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். வீட்டில் ஒன்றரை மணி நேரம் தோளில் போட்டுத் தட்டினாலும் தூங்காத பிள்ளை!

சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அமைப்பு, என்று கடையில் சொன்னபோது அது காருக்குச் சொல்கிற வார்த்தை மாதிரி காதில் விழுந்து போய்விட்டது. அன்றைக்குத்தான் புரிந்தது. ஊரில் புடவையில் தூளி கட்டி ஆட்டுவோமே, அந்த ஆட்டத்தில் பாதியை இந்த வண்டி கல்பாதையில் தருகிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இன்னும் நன்றாகத் தருகிறது. என் பிள்ளையின் மதியத் தூக்கம் ஒரு வருடம் முழுக்க இந்த வண்டியில்தான் நடந்தது. அதற்காக நான் இதற்கு எப்போதும் நன்றி சொல்வேன்.

பஞ்சர் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஆகும். இங்கே மார்ச் முதல் ஆகஸ்ட் முடியப் பறவைகள் கூடு கட்டும் காலம் என்று வயல்வேலிகளை வெட்ட விடமாட்டார்கள். செப்டம்பரில் வெட்ட ஆரம்பித்தால் ஹாதார்ன் என்ற வேலிச்செடியின் முள் பாதை முழுக்கக் கிடக்கும். இதுவரை ஏழு பஞ்சர், ஆறு இலையுதிர்காலத்தில். சைக்கிள் டியூப்தான், கால் மணி நேர வேலை. ஒரு பேட்ச் டப்பாவும் சின்ன பம்பும் கூடையில் கிடந்தால் போதும். இதற்காக யாரும் இந்த வகை வண்டியை ஒதுக்க வேண்டாம்.

என்னை இரண்டரை வருடமாக எரிச்சல்படுத்துவது கேட்.

இங்கே நடைபாதைகள் ஆடு மாடு மேயும் வயல்களுக்குள் புகுந்து போகும். வேலிக்கு வேலி ஒரு தடுப்பு. சில இடத்தில் ஏறித் தாண்ட மரப்படி, அதை ஸ்டைல் என்பார்கள். சில இடத்தில் கல்சுவருக்கு நடுவே கால் மட்டும் நுழையும் இடுக்கு. மற்ற இடத்தில் கிஸ்ஸிங் கேட்: சின்னக் கூண்டுக்குள் ஆடுகிற ஒரு கதவு. உள்ளே நுழைந்து, ஓரமாக ஒதுங்கி, கதவை மறுபக்கம் தள்ளி வெளியே வர வேண்டும். ஆள் வரலாம், மாடு வராது. 110 செ.மீ. நீள வண்டியும் வராது. முன் சக்கரம் கூண்டின் மூலையில் முட்டி நிற்கும், பின்னால் கதவு கைப்பிடியில் இடிக்கும், நடுவில் பிள்ளை அழும்.

போன செப்டம்பரில் அம்மா தென்காசியிலிருந்து வந்திருந்தார். பேக்வெல் பக்கம் ஒரு வயல்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு கிலோமீட்டர் போன பிறகு இப்படி ஒரு கேட். மழை பிடித்துக்கொண்டது. வண்டி 13, பிள்ளை 12, பை ஒரு மூன்று, ஆக 28 கிலோ. அதற்கு முந்தின மாதம் இதே மாதிரி ஒரு சுவருக்கு மேல் என் கணவரும் நானும் பிள்ளையோடு சேர்த்துத் தூக்கி, அவருக்கு மணிக்கட்டு இரண்டு வாரம் வீங்கியிருந்தது. நான் வண்டியை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏட்டி, பிள்ளைய இங்க குடு. வண்டிய மடக்கு" என்றார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கேட்டை மூன்று விநாடியில் தாண்டிவிட்டார். நான் சேறு பிடித்த சக்கரங்களைக் கழற்றி, வண்டியை மடக்கி, சுவருக்கு மேல் தூக்கிப் போட்டு, மறுபக்கம் போய் மறுபடி பூட்டினேன். பத்து நிமிடம். அடுத்த வயலின் முடிவில் இன்னொரு கேட்.

கடையில் அரை மணி நேரம் சஸ்பென்ஷன் பற்றிப் பேசினார்கள். விளம்பரத்தில் மலை, கடற்கரை, காடு எல்லாம் வரும். ஒரு படத்தில்கூட கேட் வராது. இந்த நாட்டில் மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? இதைச் சொல்லாமல் ஒரு தாயிடம் வண்டி விற்பது சரியில்லை. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

ஆனால் நியாயமாகச் சொன்னால் வண்டி மேல் தப்பில்லை. பாதையைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பாதைகளைப் பச்சைக் கோடு கோடாகப் போட்டிருப்பார்கள். குட்டிக் கோடுகள் என்றால் நடைபாதை, நீளக் கோடுகள் என்றால் குதிரையும் போகிற பிரிடில்வே. நடைபாதையில் எங்கே ஸ்டைல், எங்கே கேட் என்று அதில் இருக்காது. குதிரை ஸ்டைல் ஏறாது அல்லவா? அதனால் பிரிடில்வேயில் திறந்து மூடும் கேட்தான். 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி அந்தக் கேட் ஐந்தடி அகலமாவது இருக்க வேண்டும். ஐந்தடி என்றால் 150 செ.மீ.க்கு மேல். என் 64 தாராளமாகப் போகும். இது தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அன்றிலிருந்து நீளக் கோடு பார்த்துத்தான் கிளம்புகிறேன். பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவே 'மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்' என்று ஏறுபடி இல்லாத பாதைகளைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறது, அதையும் பாருங்கள்.

எதுவும் யோசிக்காமல் போக வேண்டுமானால் மான்சல் டிரெயில். 1968-இல் நிறுத்திய ரயில் பாதை, 8.5 மைல், பெரும்பாலும் சமதளம். 2011-இல் சுரங்கங்களையும் திறந்துவிட்டார்கள், உள்ளே விளக்கு உண்டு. கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு போர்வை எடுத்துப் போங்கள். அதைப் பிள்ளையின் மேல் போர்த்துங்கள், வண்டியின் மேல் கூரை மாதிரி மூடிவிட வேண்டாம். காற்று ஓடாமல் உள்ளே சூடேறிவிடும். அப்புறம் ஒரு உண்மை: இந்தப் பாதைக்கு இந்த வண்டி தேவையே இல்லை. சாதாரண நாலு சக்கர ஸ்ட்ரோலர் போதும்.

வாங்குகிறவர்கள் கைப்பிரேக் இல்லாததை வாங்காதீர்கள். இறக்கத்தில் 28 கிலோ இழுக்கும்போது காலால் பிரேக் போட முடியாது. மணிக்கட்டில் மாட்டும் வாரும் வேண்டும். எத்தனை கிலோ வரை என்று லேபிளில் பாருங்கள், ஈ.என். 1888 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தில் 15 கிலோ வரைக்கும் 22 கிலோ வரைக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. பதினைந்தோடு நிற்கிற வண்டி மூன்று வயதில் முடிந்துவிடும்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. நூறு பவுண்டு குறைத்திருந்தாலும் வாங்காதே. நீ மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. தினமும் 13 கிலோவைத் தூக்கி இறக்க முடியாது, அதுவும் பிரசவம் முடிந்த உடம்போடு. நல்ல கேரியர் ஒன்று வாங்கு, ஆறு மாதத்துக்கு அது போதும். இதை அவளிடம் போனில் சொன்னபோது, "அப்போ உன்னோடதை எனக்கு வித்துடேன்" என்றாள். என்னால் முடியாது. அவன் தூங்கின வண்டி அது. அடுத்த மாதம் அவளை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். பேக்வெல் பக்கத்து அந்தக் கேட்டுக்குக் கூட்டிப் போய், அரிசி மூட்டையை உட்கார வைத்து, அவள் கையாலேயே தள்ளிப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.